நான்கில் மூன்று எலுமிச்சம்பழம்

அனுப்புநர்:
ரெ. புவனேஸ்வரி,
ட்ரோன் ஓட்டுநர் (சான்றிதழ் உண்டு),
கல்லங்குறிச்சி அருகில்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
'வெள்ளாற்று முரசு' வார இதழ்,
பெரம்பலூர்.

நாள்: 21.10.2024

பொருள்: நீங்கள் பொய் எழுதியது.

ஐயா,

அக்டோபர் 18ஆம் தேதி இதழின் ஏழாம் பக்கத்தில் நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

வணக்கம். 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வணக்கத்துக்கு முன்னால் குற்றச்சாட்டு வந்துவிட்டது. வரிசையை மாற்ற இன்னொரு வெள்ளைத்தாள் வேண்டும், அதை உங்களுக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பொய் எழுதியவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

'கட்டுப்பாடு இழந்த ட்ரோன்! பெண்ணின் கவனக்குறைவால் வெங்காயப் பயிர் நாசம், விவசாயி காயம்' என்பது உங்கள் தலைப்பு. அந்தப் பெண் நான். ட்ரோன் எங்கள் மகளிர் குழுவுடையது. வெங்காயம் லப்பைக்குடிக்காடு கவுஸ் பாயுடையது. காயம் யாருடையது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் சொல்லும் விவசாயி செல்லக்கண்ணு ஐயாவுக்கு நனைந்த வேட்டியைத் தவிர வேறு சேதம் கிடையாது. அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் விழவில்லை, குதித்தார். அறுபத்து நாலு வயதில் இடுப்பு உயரத் தொட்டிச் சுவரை ஒரே தாவில் தாண்டியவரைப் பாராட்டி எழுதியிருக்க வேண்டும். காயம் என்று எழுதி அவருடைய சாதனையையும் கெடுத்துவிட்டீர்கள்.

இது எனக்கு ஏன் அவசரம் என்றால், உங்கள் ஏழாம் பக்கத்தை யாரோ வெட்டி எங்கள் குழு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை, 28ஆம் தேதி, கூட்டம். அன்றைக்கு ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி ரஞ்சித்குமார் கையில் கொடுப்பதாகப் பேச்சு. ரஞ்சித்குமார் எங்கள் குழுத் தலைவி சிந்தாமணி அக்காவின் அண்ணன் மகன். கல்யாணங்களுக்குக் குட்டி ட்ரோன் விட்டுப் படம் எடுப்பவர். போன ஆவணியில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போனவர். மகளிர் குழு இயந்திரத்துக்கு ஆண்பிள்ளை எதற்கு என்று கேட்டேன். "பொம்பளைங்களுக்கு ஒரு தொணைக்குத்தான்" என்றார்கள். என்னுடைய துணைக்கு வருகிறவர் என்னை ஏன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். "பேப்பர்லயே போட்டுட்டாங்களே புவனா" என்று சிந்தாமணி அக்கா சுவரைக் காட்டினார். சுவரில் நீங்கள் இருந்தீர்கள்.

நான் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வரப்புகூடச் சொந்தமாக இருந்ததில்லை. என் அம்மா ரெங்கம்மாள் இருபது வருடம் அடுத்தவர் பருத்தியிலும் சோளத்திலும் முதுகில் டேங்க் கட்டி மருந்தடித்தவள். நான் திருச்சியில் பத்து நாள் தங்கிப் பயிற்சி எடுத்து, எழுத்துத் தேர்விலும் பறக்கும் தேர்விலும் தேறி, அரசாங்க முத்திரை போட்ட சான்றிதழோடு வந்தேன். எங்கள் தெருவில் அப்படி ஒரு சான்றிதழ் வந்தது அதுதான் முதல் தடவை. தரையில் இடம் இல்லாவிட்டால் போகட்டும், ஆகாயத்தில் பட்டா கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது அதற்கும் ஆள் வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், இந்தத் தடவையாவது யாராவது எழுதிக்கொள்ளுங்கள். 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. செல்லக்கண்ணு ஐயாவின் மக்காச்சோளக் காட்டுக்குக் களை மருந்து அடிக்க வேண்டும். பூஜை நாளில் எந்த ஆயுதத்துக்கும் வேலை கொடுக்கக் கூடாது, மறுநாள் அடிக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். அங்கேதான் எலுமிச்சம்பழம் உள்ளே வந்தது. லாரி, டிராக்டர், ஸ்கூட்டர் எதுவானாலும் பூஜை முடிந்ததும் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து, வண்டியை முன்னால் நகர்த்தி நசுக்குவோம். ட்ரோனுக்குச் சக்கரம் இல்லை, நான்கு கால்தான். அது முன்னால் நகராது, மேலே போகும். மேலே போகிற வண்டிக்குக் கீழே பழம் வைத்தால் பழம் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அப்படியே இருக்கும். முந்தின நாள் கூட்டத்தில் இதை முக்கால் மணி நேரம் பேசினோம். கடைசியில் சிந்தாமணி அக்காதான் தீர்ப்புச் சொன்னார்: "ஏறும்போது நசுங்காட்டி என்னா, எறங்கும்போது நசுங்கட்டுமே. களத்துல நாலு மூலைக்கு நாலு பழம் வெச்சிருவோம். புவனா காலையில ஒரு டேங்கு அடிச்சுட்டு வந்து அது மேல எறக்கட்டும். மருந்து அடிச்ச மாதிரியும் ஆச்சு, பூஜை பண்ணுன மாதிரியும் ஆச்சு."

இதற்கு நான் தலையாட்டினேன். தலையாட்டியது என் தவறுதான், ஆனால் அது செய்தியில் இல்லை.

விடிந்து வெளிச்சம் வந்ததும் செல்லக்கண்ணு ஐயாவின் களத்தில் கூடினோம். ஒரு பக்கம் வாழைக்கன்று கட்டிய டிராக்டர், இன்னொரு பக்கம் சுண்டல் அண்டா, நடுவில் கோலம் போட்டு நான்கு பழம். ட்ரோனின் உச்சியில் சின்னக் காளான் மாதிரி ஒன்று நிற்கும். செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்குகிற ஆன்டெனா அதுதான். சிந்தாமணி அக்கா அதை நெற்றி என்று நினைத்து மூன்று பட்டை விபூதி பூசி நடுவில் குங்குமமும் வைத்தார். செல்லக்கண்ணு ஐயா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "பாப்பா, அது மானம் பாத்துப் பறக்குமா, நெலம் பாத்துப் பறக்குமா?" என்று கேட்டார். வானத்தைப் பார்த்துத்தான் நிலத்தைத் தெரிந்துகொள்ளும் என்றேன். "எங்க ஜோசியர் மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வயலின் நான்கு மூலையையும் முன்பே பதிந்துவிட்டால் ட்ரோன் தானாகப் போகும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, நடவு நடுகிற பெண்கள் மாதிரி வரிசை பிசகாமல் போய்த் திரும்பும். நான்கு வரிசை அப்படித்தான் ஓடியது. ஐந்தாவது வரிசையின் பாதியில் நின்றது. வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று நாம் நடுவீட்டில் நிற்போமே, அப்படி நின்று யோசித்தது. பிறகு, தான் ஏழு மீட்டர் வடக்கே தள்ளிப் போய்விட்டதாகத் தானே முடிவுசெய்து, தப்பைத் திருத்திக்கொள்ளத் தெற்கே நகர்ந்தது. தெற்கே கவுஸ் பாயின் சின்ன வெங்காயம், நட்டு இருபது நாள். சோளத்துக்கு அடிக்கிற களை மருந்துக்கு வெங்காயமும் களைதான். ரிமோட்டில் பத்தொன்பது என்று இருந்த செயற்கைக்கோள் எண்ணிக்கை பதினொன்று ஆனது, ஏழு ஆனது, ஐந்து ஆனது. நான் பம்பை நிறுத்தினேன், நான்கு விநாடி. தானியங்கியை அணைத்து என் கைக்கு எடுத்துக்கொண்டேன், இன்னும் இரண்டு விநாடி. ட்ரோன் தன் ஒவ்வொரு அசைவையும் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும், லாக் என்று பெயர். ஆறு விநாடி என்று அந்த லாக்தான் சொல்கிறது. அதற்குள் நனைந்தது ஐந்து பாத்தி. 'ஏக்கர் கணக்கில்' என்று எழுதினீர்களே, உங்கள் ஊரில் ஏக்கர் என்ன அளவு?

கையில் எடுத்தபிறகுதான் வேலையே. செயற்கைக்கோள் துணை இல்லாத ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காது, பாசிப் படியில் கால் வைத்த மாதிரி காற்றுப் போகிற பக்கம் வழுக்கும். மழை பெய்த காடு, கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. கெட்டித் தரை என்றால் களம் ஒன்றுதான். "எல்லாரும் தள்ளிப் போங்க"ன்னு கத்திக்கிட்டே ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு வரப்புல ஓடுறேன், மேல அது ஆடுது, கீழ நான் ஆடுறேன். பெண்கள் சுண்டல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காக ஒதுங்கினார்கள். செல்லக்கண்ணு ஐயா மட்டும் ட்ரோன் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் ஓடினார். "ஏ பாப்பா, என்னைய ஏன் தொரத்துற?" என்று கத்திக்கொண்டே தொட்டிக்குள் குதித்தார். நான் அதை டிராக்டர் வாழைக்கன்றுக்கு மேலே கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறும் கண்ணால் அளந்து, கோலத்தின் நடுவில் இறக்கினேன். விசிறிகள் நின்றன. சிந்தாமணி அக்கா மட்டும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூணு நசுங்கிருச்சு. ஒண்ணு உருண்டு ஓடிருச்சு."

ஐயா, கட்டுப்பாடு இழந்த ட்ரோன் நான்கில் மூன்று எலுமிச்சம்பழத்தை எப்படி நசுக்கும்? செயற்கைக்கோள் ஐந்து, காற்று மேற்கு, கீழே வேட்டியோடு ஒருவர் நீச்சல், இத்தனைக்கும் நடுவில் மூன்று பழம். இதை அன்று களத்துக்கு வந்த உங்கள் நிருபரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் சுண்டல் நன்றாக இருக்கிறது என்றார்.

அப்புறம் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். பூஜை நாளில் ஓட்டியதுதான் என்று செல்லக்கண்ணு ஐயா வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "மிசின பொம்பளை கையில குடுத்தா இப்புடித்தான்" என்று சேர்த்துக்கொண்டார். ரஞ்சித்குமார் "அப்டேட் பண்ணியிருக்க மாட்டாங்க" என்றார். சிந்தாமணி அக்காவுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. "விபூதியக் கொஞ்சம் கனமாப் பூசிட்டேனோடி?" என்று என் காதில் கேட்டார்.

அன்று மாலை லாக்கைத் திருச்சியில் எங்களுக்குப் பாடம் எடுத்த சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "புவனேஸ்வரி, மிஷின்ல ஒண்ணும் இல்லம்மா. ஆகாயம்தான் சரியில்ல. நேத்து ராத்திரியிலேருந்து பெரிய சூரியப் புயல். நெறைய எடத்துல இப்படித்தான். நீ கையில எடுத்து எறக்கினியே, அதுக்கே உனக்கு இன்னொரு சர்டிபிகேட் தரணும்" என்றார். இந்த வாக்கியத்தை நீங்கள் அப்படியே அச்சிடலாம். அதற்குப் பிறகு, "ஆமா, லாக்ல ஆரம்பத்துலயே ஒரு மஞ்சள் வரி தெரியுதே, அது..." என்று ஏதோ கேட்க ஆரம்பித்தார். அதற்குள் டவர் கிடைக்காமல் போய்விட்டது.

மறுநாள் முழுக்க இதைப் படித்தேன். புதன்கிழமை காலை சூரியன் வெடித்துத் தன் உடம்பிலிருந்து ஒரு பெரிய துண்டைக் கழற்றி நம் பக்கம் எறிந்திருக்கிறது. மின்னேறிய வாயு, கூடவே அதன் காந்தம். பதினைந்து கோடி கிலோமீட்டரை ஒன்றரை நாளில் கடந்து வியாழன் இரவு பூமிக்கு வந்து மோதியது. உங்கள் வார இதழ் பெரம்பலூரிலிருந்து எங்கள் ஊருக்கு முப்பது கிலோமீட்டர் வர இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. அந்த இரவு லடாக்கில் வானம் சிவந்து கிடந்ததை உங்கள் பத்திரிகையே முதல் பக்கத்தில் வண்ணப் படமாகப் போட்டது. 'வானத்தின் வர்ணஜாலம்' என்று தலைப்பு. முதல் பக்கத்தில் வர்ணஜாலம் காட்டிய அதே புயல்தான் ஏழாம் பக்கத்தில் கவனக்குறைவாக வந்திருக்கிறது. ஒரே ஆளை இரண்டு பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியவில்லை.

நமக்கு மேலே நூறு கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரைக்கும் மின்னேறிய காற்று ஒரு அடுக்காக இருக்கிறது. அயனி மண்டலம் என்பார்கள். செயற்கைக்கோளின் சிக்னல் அதைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். அது எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்துத்தான் ட்ரோன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு விநாடியைப் பத்துக் கோடித் துண்டாக வெட்டினால், அதில் ஒரே ஒரு துண்டு நேரம் பிசகினாலும் கணக்கில் மூன்று மீட்டர் தள்ளிப் போகும். சாதாரண நாளில் அந்த அடுக்கு எவ்வளவு தாமதம் செய்யும் என்று ஒரு மதிப்பு உண்டு, அதைக் கழித்துக்கொள்வார்கள். புயல் வந்தால் அடுக்கு கொதிக்கிறது, ஓட்டையும் குமிழியுமாக ஆகிறது, எந்த மதிப்பும் ஒத்துவராது. சித்திரை வெயிலில் அரியலூர் ரோட்டில் எதிரே வருகிற சிமென்ட் லாரி தாருக்கு மேலே நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். லாரி நேராகத்தான் வருகிறது, நடுவில் இருக்கிற காற்றுதான் நெளிகிறது. அப்படி நெளிந்து நெளிந்து வருகிற சிக்னலை ஒரு கட்டத்தில் ஆன்டெனா தவறவிட்டுவிடும், அதுதான் பத்தொன்பது ஐந்தானது. இன்னொன்றும் படித்தேன். பூமியின் காந்த நடுக்கோடு நம் மாநிலத்தின் தென்கோடி வழியாகப் போகிறதாம். அதனால் அயனி மண்டலத்தின் இந்த ஆட்டம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம். காவிரித் தண்ணீருக்குத்தான் நாம் கடைமடை, இதில் தலைமடை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கவுஸ் பாயின் வயலுக்குப் போனேன். பதினைந்து வருடம் அரபு நாட்டில், தம்மாமில், டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு வந்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து வெங்காயம் போட்டிருக்கிறார். ஐந்து பாத்தியில் வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது. நான் சூரியன், புயல், அயனி மண்டலம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார்.

"நெசந்தாம்மா" என்றார். "அன்னிக்கு விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வண்டிய எடுத்தேன். மேப்பு என்னைய வெள்ளாத்துக்குள்ள காட்டுது. நான் பாட்டுக்கு ரோட்டுல போறேன், அது ஆத்துக்குள்ளயே நாப்பதுல போவுதுங்குது. போனு கெட்டுப்போச்சுன்னு எம் மவ ஆஃப்ராவ வேற ஏசிட்டேன்."

"உங்க வெங்காயத்துக்கு நான் பொறுப்புங்க பாய்."

"சூரியன்தான் கெடுத்துச்சுங்கிற. வளக்குறதும் சூரியன்தானே? அது வளத்தத அது கொஞ்சம் எடுத்துக்கிச்சு. உன்னைய என்னத்தச் சொல்ல. அடுத்த நடவுக்கு அந்த அஞ்சு பாத்திக்கும் நீ வந்து கையால நட்டுக் குடுத்துரு, சரியாப் போச்சு. மிசின எடுத்துட்டு வந்துராத."

இவர்தான் உங்கள் செய்தியில் 'கண்ணீர் வடித்த விவசாயி'.

இதை அம்மாவிடம் சொன்னேன். "சூரியனுக்கு நம்ம மேல என்னாடி கோவம்? நாள் பூரா அது மூஞ்சியிலதான நின்னு வேலை செஞ்சோம்" என்றாள். உங்கள் ஏழாம் பக்கம் வந்த அன்று அவள் அதை ஒழுங்காக நான்கு பக்கமும் கத்தரித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். எதுக்கும்மா இதையெல்லாம் என்றால், "பழசோட இருக்கட்டும்" என்றாள். மகளைத் திட்டி வந்ததைக்கூடப் பத்திரப்படுத்துகிறவள், ஐயா, உங்கள் வாசகி.

சிந்தாமணி அக்காவின் சந்தேகத்தையும் தீர்த்தேன். அடுத்த வாரம், புயல் அடங்கியபிறகு, அதே களத்தில், அதே நேரத்தில், ஆன்டெனாவுக்கு அதே மூன்று பட்டை விபூதியைப் பூசி, குங்குமம் வைத்து, கூடுதலாக மஞ்சளும் தடவி ட்ரோனை முடுக்கினேன். பத்தொன்பது செயற்கைக்கோள். விபூதியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் பத்தொன்பது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நம்ம சாமி மேல தப்பில்ல" என்றார். இல்லை என்றேன். "அப்ப உன் மேல?" என்றார். அதற்குத்தான் பேப்பரில் திருத்தம் வர வேண்டும் என்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன வருடம் இதே செல்லக்கண்ணு ஐயாவின் டிராக்டர் பஸ் நிழற்குடைக்குள் புகுந்தபோது 'பிரேக் கோளாறால் விபத்து' என்று எழுதினீர்கள். ஓட்டியவர் பெயர்கூட இல்லை. அவர்கள் வண்டி மோதினால் இயந்திரக் கோளாறு, எங்கள் வண்டி வழுக்கினால் ஆள் கோளாறா? கோளாறு ஆகாயத்தில் இருந்தாலும் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் எழுதுவீர்களா?

ஆகவே, 25ஆம் தேதி இதழில், அதே ஏழாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'ட்ரோன் கட்டுப்பாடு இழக்கவில்லை. சூரியப் புயலில் செயற்கைக்கோள் சிக்னல் போனபோது கைத்திறனால் பத்திரமாக இறக்கிய பெண்' என்று திருத்தம் போட வேண்டும். மூன்று எலுமிச்சம்பழம் கட்டாயம் இருக்க வேண்டும். 28ஆம் தேதி கூட்டத்துக்கு முன்னால் அதை நானே பசை தடவி உங்கள் பழைய செய்திக்கு மேலே ஒட்டுவேன்.

உங்களுக்கும், உங்கள் வீட்டில் உள்ள பெரியவர்கள் பிள்ளைகளுக்கும், சுண்டல் பிடித்துப்போன அந்த நிருபருக்கும் முன்கூட்டியே தீபாவளி வாழ்த்து. உங்கள் மேப் உங்களை எப்போதும் ஆற்றுக்கு வெளியிலேயே காட்டட்டும்.

இப்படிக்கு,
ரெ. புவனேஸ்வரி

பின்குறிப்பு: மேலே எழுதிய கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கடிதத்தோடு உங்கள் செய்தியின் நகலையும் வைக்கலாம் என்று ரேஷன் கார்டு உறையிலிருந்து அதை எடுத்தேன். கூடவே இன்னொரு துண்டும் வந்தது. பழுத்துப்போன தாள். அதுவும் 'வெள்ளாற்று முரசு'தான், அதுவும் ஏழாம் பக்கம்தான். 2011 நவம்பர். மூன்றே வரி: 'பருத்தி வயலில் மருந்து தெளித்த கூலிப்பெண் மயங்கி விழுந்தார். முகத்தில் துணி கட்டாமல் கவனக்குறைவாக வேலை செய்ததே காரணம் என்று வயல் உரிமையாளர் தெரிவித்தார்.'

"இது யாரும்மா?"

"நாந்தான்."

"உன் பேரே இல்லையே."

"கூலிப்பெண்ணுன்னு இருக்குல்ல? வாசிச்சுக் காட்டுனவங்க அதான் நீன்னு சொன்னாங்க."

"துணி கட்டலையா நீ?"

"முந்தானையத்தான் கட்டியிருந்தேன். டேங்கு ஒழுவுச்சுடி. ஒழுவுது ஒழுவுதுன்னு ரெண்டு நாளா சொன்னேன். முதுவு பூரா நனைஞ்சு போச்சு."

"யார் டேங்கு?"

அம்மா அந்தத் துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "இப்ப நீ ஓட்டுறது ஒழுவாதுல்ல?" என்று கேட்டாள்.

ஒழுகாதும்மா என்றேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது நினைவிருக்கிறது. காய்ச்சல் என்று சொன்னார்கள். இதை ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தாய் என்று கேட்டதற்கு, "பேப்பர்ல போட்டாங்கல்ல, அதான்" என்றாள்.

அதனால் இப்போது உண்மையைச் சொல்கிறேன். திருச்சி சார் கேட்டபோது டவர் போகவில்லை, நான்தான் போனைக் கட் செய்தேன். அந்த மஞ்சள் வரி இதுதான்: ட்ரோனை ஏற்றுவதற்கு முன்பே, 'செயற்கைக்கோள் சிக்னல் நிலையாக இல்லை, பறக்க வேண்டாம்' என்று ரிமோட்டில் எச்சரிக்கை வந்தது. மஞ்சள் வந்தால் ஏற்றாதே என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். நான் தயங்கி நின்றதைப் பார்த்துச் செல்லக்கண்ணு ஐயா கட்டிலில் இருந்தபடி, "பயமா இருந்தா சொல்லு பாப்பா, ரஞ்சித்த வரச் சொல்றேன்" என்றார். 'சரி' என்ற பொத்தானை அமுக்கினேன். சூரியன் செய்தது சூரியன் கணக்கில். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டது என் கவனக்குறைவு. உங்கள் தலைப்பில் அந்த ஒரு சொல் சரி. 28ஆம் தேதி கூட்டத்தில் இதை நானே எழுந்து சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டு ரிமோட்டையும் கொடுக்க மாட்டேன். மஞ்சளை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் அந்தக் குழுவில் இப்போது நான் ஒருத்திதான். மூன்று பழமும் பொய் இல்லை.

என் திருத்தம் வேண்டாம். அதற்கு ஒதுக்குகிற இடத்தில் 2011ஆம் வருட மூன்று வரிக்குத் திருத்தம் போடுங்கள். என்னிடம் லாக் இருக்கிறது, என்னைப் பற்றி யார் என்ன எழுதினாலும் ஆறு விநாடி என்று எடுத்துக் காட்டுவேன். அம்மாவுக்கு லாக் இல்லை. அவளுக்கு இருந்தது உங்கள் பத்திரிகை ஒன்றுதான். கூலிப்பெண்ணின் பெயர் ரெங்கம்மாள். என் பெயருக்கு முன்னால் நிற்கிற 'ரெ' அவள்தான். துணி கட்டியிருந்தாள். ஒழுகிய டேங்க் யாருடையது என்று போய்க் கேட்டு, அந்தப் பெயரையும் போடுங்கள்.

எந்த இதழில் போடுவீர்கள்? இதைக் கேட்கத்தான் சற்று முன்பு உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆசிரியர்கிட்ட கேக்குறேன், லைன்லயே இருங்க" என்றார். அதற்குப் பிறகுதான் இந்தப் பின்குறிப்பை எழுத ஆரம்பித்தேன். லைனில்தான் இருக்கிறேன்.